நடு அறைக்கு வெளிச்சம்

ஜனவரி 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு டைரி கொடுத்தார்கள். ஓசியில் கொடுப்பதற்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்கள் போல, பக்கத்தில் கோடே அடிக்கவில்லை. வெறும் வெள்ளைத்தாளைத் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, கோடு இருக்கிறதே என்றார். இவருக்கு எல்லாமே இருக்கும். கமிட்டிக்காரர்களை ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டார்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருந்தார்கள், நிரப்பினேன். பெயர்: பியூலா ஞானசிகாமணி. வேலை: ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், அரசு ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டு. கணவர்: ஞானசிகாமணி, ஓய்வுபெற்ற தபால் ஆபீஸ் கிளார்க், சர்க்கரை நோயாளி, சொன்ன பேச்சைக் கேட்காதவர். கடைசி இரண்டும் அவர்கள் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன்.

தடித்த பேனாவில் எழுதுகிறேன். மெல்லிசுப் பேனாக்களில் இப்போதெல்லாம் மையே இறங்குவதில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது இவர் பெஞ்சிலேயே சரிந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கை நடுக்கம், பேச்சு குழறுகிறது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது. கைப்பையில் மிட்டாய் வைத்திருப்பேன், வாயில் போட்டேன். சுற்றி நின்றவர்கள் விசிறுகிறார்கள், ஜெபிக்கிறார்கள், சோடா வாங்க ஓடுகிறார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. பக்கத்து வீட்டு வாசுகிக்கு யாரோ போன் போட்டுவிட்டார்கள், அவள் ஆட்டோவோடு வந்து நின்றாள். தனியார் கிளினிக்கில் ஊசி போடுகிறாள். ஏதோ குறுகிய கோர்ஸ் படித்தவள். அதுவும் நர்ஸாம்.

கிளினிக்கில் இருந்த டாக்டருக்கு மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. மருந்து அளவு கூடிப்போயிருக்கும் போல, வீட்டில் யார் ஊசி போடுகிறீர்கள் என்று கேட்டான். நான்தான், நான் ஸ்டாஃப் நர்ஸ் என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டான். கிளம்பும்போது மட்டும், ஊசிக்குப் பதில் பேனா மாதிரி ஒன்று இருக்கிறது, திருகி அளவு வைத்தால் போதும் என்றான். எத்தனை உயிரை இந்தக் கையால் காப்பாற்றியிருக்கிறேன், எனக்கே திருகுவதற்குச் சொல்லித் தருகிறான்.

காலையில் இவர் நான்கு இட்லியில் ஒன்றை மிச்சம் வைத்துவிட்டார். அதுதான் காரணம். வேறு ஒன்றுமில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

யோசித்துப் பார்த்ததில் வேறு ஒரு காரணமும் இருக்கிறது. இந்த வீட்டின் நடு அறை. ஃபிரிட்ஜும் சாப்பாட்டு மேஜையும் அங்கேதான். மருந்து பாட்டிலை எடுத்து ஊசியில் ஏற்றுவதும் அங்கேதான். இந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நிற்பவை, பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க வழியில்லை. கிழக்கே மேலாக ஒரு சின்னத் துவாரம் இருந்தது. அந்தக் கிழக்கு வீட்டுக்காரன் மாடி எடுத்து அதையும் அடைத்துவிட்டான். கேட்டால் அவன் இடத்தில்தான் கட்டினானாம். குழல் விளக்கு என்ற பெயரில் இப்போது விற்பது எல்லாம் வெறும் மெழுகுவர்த்தி. போன மாதம் மூன்று மாற்றியாகிவிட்டது.

ஊசிக் குழாயில் போடும் கோடுகளையும் கம்பெனிக்காரன் வரவர மயிரிழையாக்கிவிட்டான். இந்த இருட்டில் வேறு யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள்.

ஆகவே தளத்தை வெட்டி, மேலே கண்ணாடி ஜன்னல் வைக்கப் போகிறேன். மகனுக்கு மஸ்கட்டுக்குப் போன் செய்து சொன்னேன். அம்மா, இரண்டு லைட் கூடப் போட்டால் போதாதா என்றான். என்ஜினியர் படிப்பு இதற்குத்தான் படிக்க வைத்தேன். இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, செய்வோம் என்றார். ஒரு குடம் வாங்குவதற்குக் கூட ஒரு வாரம் யோசிக்கிற மனுஷன். வயதானால் புத்தி பிசகும் என்பது சரிதான்.

ஜனவரி 20, செவ்வாய்

மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவன் கையில் திசைகாட்டி. வீட்டின் நடுவில் வானம் தெரிந்தால் குடும்பத்துக்கு ரொம்ப விசேஷம் என்றான். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற வேத வசனத்தை அவன் பார்க்கவே இல்லை. விசேஷத்தோடு சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டான். வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் காட்டினேன்.

இரண்டாவது ஆள் இருபதாயிரத்தில் முடித்துவிடுகிறானாம். கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட். ஒரே கோடையில் மஞ்சளாகி, அடுத்த கோடையில் வெடித்துவிடும். கோழிக் கூண்டுக்கு வைத்துக்கொள் என்றேன்.

மூன்றாவது இசக்கியப்பன். மூன்று பேரில் இவன் ஒருத்தன்தான் தளத்தின் மேலேறிப் பார்த்தான். நாலடிக்கு மூன்றடி வெட்டலாம், பீம் இந்தப் பக்கம் ஓடுகிறது, அதைத் தொடாமல் வெட்ட வேண்டும் என்றான். வெட்டுக்கூலி, சுற்றிலும் தண்ணீர் ஏறாமல் கட்டுகிற திண்டு, இரும்புச் சட்டம், திருடனுக்குக் கம்பி வலை, இரண்டு கண்ணாடி ஒட்டிய உடையாத கண்ணாடி, எல்லாம் சேர்த்து எழுபத்தைந்தாயிரம். அறுபத்தெட்டுக்கு இறக்கினேன். இவன் பேச்சில் ஒரு அடக்கம் இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. அடக்கமாகப் பேசுகிறவன்தான் கழுத்தை அறுப்பான்.

ஜனவரி 24, சனி

வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்த பால் பாக்கெட்டை இவர் நிறுத்திவிட்டார். இனி காலையில் தானே நடந்து போய் வாங்கி வருவாராம். சாயங்காலமும் நடக்கப் போகிறாராம். ஆயுசு முழுக்க நாற்காலியைத் தேய்த்தவர். நடை எதற்கு என்று எனக்கா தெரியாது. முக்குக் கடையில் வடை. சர்க்கரையைச் சோதிக்கும்போது குட்டு வெளிப்படும்.

பிப்ரவரி 5, வியாழன்

சோதித்தாகிவிட்டது. சர்க்கரை அளவு வருஷக்கணக்கில் இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. மீசை முளைக்காத டாக்டரே ஆச்சரியப்பட்டானாம். வடை தின்றும் இப்படி இருக்கிறது என்றால், ஊசி போடுகிற கை அப்படி. மருந்து பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டுவேன், அடியில் தங்கியிருப்பதெல்லாம் கலந்து பால் மாதிரி வெள்ளையாக வரும் வரை உருட்டுவேன். வாசுகி மாதிரிப் பிள்ளைகள் குலுக்குவார்கள். குலுக்கினால் நுரை வரும், அளவு தப்பும். இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள் இப்போது.

பிப்ரவரி 9, திங்கள்

சபையில் இலவசக் கண் பரிசோதனை முகாமாம். நோட்டீஸை இவர் மேஜையில் வைத்து, பறக்காமல் தம்ளரை வேறு மேலே வைத்திருந்தார். மீன் செதிலைச் சுருட்டிப் போட வசதியாக இருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

வேலை தொடங்கியது. அறை முழுக்க இரும்புக் குழாய்களை நட்டு, தளத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜைப் போர்வையால் மூடினார்கள். மேலே தண்ணீரை ஊற்றிக்கொண்டே மெஷினால் வெட்டுகிறார்கள். சத்தத்தில் பல் கூசுகிறது. சிமெண்ட் கரைந்த தண்ணீர் சுவர் வழியே இறங்கி, அலமாரி வரை ஓடியது. பிளாஸ்டிக் விரித்திருக்கிறோமே சிஸ்டர் என்றான் இசக்கியப்பன். விரித்த லட்சணம் தெரிகிறதே.

பத்து மணிக்கு ஆட்களுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். ஒருத்தன் ஒரு வாய் குடித்துவிட்டு மற்றவனைப் பார்த்தான். அப்புறம் ஒருத்தரும் தொடவில்லை. கடைத்தெரு டீயிலேயே நாக்கு செத்துப்போன கூட்டம். இவர் ஓடிப்போய் தூக்குவாளியில் கடை டீ வாங்கி வந்தார். நான் போட்ட டீயைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சீனி டப்பாவையும் உப்பு டப்பாவையும் எடுத்து இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். என் அடுப்படியில் இவருக்கு என்ன வேலை.

பிப்ரவரி 19, வியாழன்

தளத்தைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிறு கட்டி இறக்கினார்கள். கடைசித் துண்டு இறங்கியதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, ஆ என்றார்கள். லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிட்டது, வெயிலும் தொடங்கிவிட்டது. நானும் பார்த்தேன். தூசி அடங்கவில்லை, ஒரே புகைமூட்டம். வானம் தெரிகிறதா என்று இவர் கேட்டார். தூசி அடங்கினால் தெரியாமல் எங்கே போகும்.

எனக்குச் சளி பிடித்துவிட்டது. சிமெண்ட் தூசி.

பிப்ரவரி 26, வியாழன்

இன்றும் ஆள் வரவில்லை. இரும்புச் சட்டம் பட்டறையில் இருக்கிறதாம். தார்ப்பாய்க்கு அடியில் குடித்தனம் நடக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

சாயங்காலம் இவர் நடக்கப் போனபோது பின்னாலேயே வாசல் வரை போனேன். நேராகப் பக்கத்து வீட்டு வாசுகி வீட்டுக்குள் போகிறார். கடைக்கும் போகவில்லை, நடக்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அன்றாடம் போல என் முன்னால் வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஊசி போட்டேன்.

அவள் வீட்டில் என்ன வேலை என்று கேட்டேன். அவள் மாமியாருக்குப் பென்ஷன் பாரம் எழுதிக் கொடுக்கிறாராம். இன்னும் கிளார்க் புத்தி போகவில்லை. அந்தப் பெண்ணும் சரியான ஆள். எழுதத் தெரிந்த கிழவன் ஒருத்தன் கிடைத்துவிட்டான் என்று தினமும் வேலை வாங்குகிறாள்.

மார்ச் 13, வெள்ளி

சட்டம் வந்தது, ஒரு மூலை விலகி நிற்கிறது என்று சொன்னேன். இசக்கியப்பன் அளவுநாடாவை வைத்துக் காட்டினான், அளவு சரியாகத்தான் இருக்கிறதாம். நாடா அவனுடையதுதானே.

மார்ச் 24, செவ்வாய்

கண்ணாடி ஏற்றினார்கள். நான்கு பேர் சேர்ந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். தண்ணீர் ஓடுவதற்குக் கொஞ்சம் சாய்த்து வைத்து, ஓரம் முழுக்கப் பசை அடைத்தார்கள். ஒரு நாள் காய வேண்டுமாம். அதுவரை மேலே சாக்கு.

மார்ச் 26, வியாழன்

சாக்கை எடுத்தார்கள்.

இசக்கியப்பன் என்னை மோசம் செய்துவிட்டான். எண்ணெய்ப் பலகாரம் சுற்றுகிற தாள் மாதிரி ஒரு வெளிச்சம். அறை முழுக்க வெள்ளை. குளியலறை ஜன்னலில் போடுவார்களே, பால் கண்ணாடி, அதைக் கொண்டுவந்து பொருத்தியிருக்கிறான். இருட்டு அறையிலாவது இவர் முகத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இந்த வெளிச்சத்தில் அதுவும் கரைந்துபோகிறது. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு கண்ணாடிக்கு நேர் கீழே போய் நின்றேன். ஒரு எழுத்துத் தெரியவில்லை, வெறும் வெள்ளைத்தாள்.

கேட்டேன். தெளிந்த கண்ணாடிதான் சிஸ்டர் என்கிறான். கூட நின்ற ஆட்களும் ஆமாம் போடுகிறார்கள், கூலி வாங்குகிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள். அப்படியானால் நீ மேலே போய் நின்று கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலைக் காட்டு, எத்தனை என்று நான் சொல்லிவிட்டால் மிச்சக் காசை இப்போதே தருகிறேன் என்றேன். ஏறிப் போனான். கறுப்பாக ஏதோ அசைந்தது. நான்கு என்றேன். இவர் மெதுவாக, "ரெண்டு" என்றார். அவன் அதற்குள் விரலை மடக்கிவிட்டான் என்றேன்.

காசு கிடையாது, கண்ணாடியை மாற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இசக்கியப்பன் சண்டை போடவில்லை. போகும்போது இவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். இவர் வாசல் வரை போய் அவன் தோளில் கை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் எதிரிக்குத் தேற்றல் சொல்ல என் வீட்டிலேயே ஆள்.

ஏப்ரல் 1, புதன்

இசக்கியப்பன் கண்ணாடி மாதிரிகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினான். எல்லாம் பால் கண்ணாடி. ஊரில் நல்ல கண்ணாடியே கிடையாது போல.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். பாட்டுப் புத்தகத்தைப் பிரிக்காமலே பாடினேன், எல்லாம் மனப்பாடம். முன் பெஞ்சில் இருந்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடினார்கள், வருஷாவருஷம் அதே பாட்டு.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பால் வாங்கிக்கொண்டு இவர் வந்தார். நான் ஃபிரிட்ஜிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்தேன். மேஜை விளிம்பு இருக்கிறது என்று நினைத்து வைத்தேன், விளிம்பு அங்கே இல்லை. பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது. காலில் ஈரம் தெறித்தது.

அந்த மருந்துக்கு ஒரு வாடை உண்டு. ஊசியில் ஏற்றும்போது அவ்வளவாகத் தெரியாது, ஆனால் வார்டில் ஒரு பாட்டில் உடைந்தால் அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் போக முடியாது. பினாயிலும் பிளாஸ்திரியும் சேர்ந்தது மாதிரி மூக்கைத் துளைக்கும். என் சளியெல்லாம் எப்போதோ சரியாகிவிட்டது. நான் குனிந்து, விரலால் தொட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தண்ணீர்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மருந்துக் கடைக்காரன் போலி மருந்து விற்கிறான். ஒரு சர்க்கரை நோயாளிக்குத் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறான். உடைந்த பாட்டிலின் மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு, அவன் கடையை இன்றைக்கே மூட வைக்கிறேன் என்று செருப்பைத் தேடினேன். செருப்பு கிடைக்கவில்லை. இவர் வாசலில் வந்து குறுக்கே நின்றார்.

"கடைக்காரன் மேல தப்பில்ல பியூலா. நாந்தான் மாத்தி வச்சேன்."

எதை என்று கேட்டேன்.

"பாட்டில்ல சலைன் தண்ணி. வாசுகிகிட்ட சொல்லி ஊத்தி வாங்குனேன். எனக்கு உள்ள மருந்தை அவ வீட்ல வச்சுப் போடுதா, காலையிலயும் சாயங்காலமும். கோயில்ல விழுந்தேன்லா, அதுக்கப்புறந்தான்."

சலைன் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். பார்வை உள்ள யார் கையில் கொடுத்தாலும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அதைத்தான் நான் தினமும் உள்ளங்கையில் வைத்து உருட்டி, பால் மாதிரிக் கலந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன். டைரியில் வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்ல? லைட் சரியில்லங்குத, பேனா சரியில்லங்குத. உங்கிட்ட வந்து, கண்ணு சரியில்லன்னு யாரு சொல்ல? நானா?"

"அப்ப இந்தத் தளத்தை என்னத்துக்கு வெட்ட விட்டீங்க? அம்புட்டுக் காசு."

"வெளிச்சமும் வந்துட்டுன்னா அப்புறம் குத்தஞ்சொல்ல ஒண்ணும் மிச்சம் இருக்காதுல்லா. உனக்கே தெரிஞ்சிரும், நீயா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிருவன்னு நெனச்சேன்."

ஆனால் நான் கண்ணாடியைக் குற்றம் சொன்னேன். அது இவர் கணக்கில் இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டேன். அவள்தான் மருந்து போட்டுவிட்டாளே, அப்புறம் என் கையால் அந்த உப்புத் தண்ணீர் ஊசியை எதற்கு வாங்கிக்கொண்டீர்கள், இரண்டு வேளையும் இரண்டு குத்து. ஏதாவது சாக்குச் சொல்லி விலகியிருக்கலாமே.

இவர் தரையில் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "நீ ஊசிய எடுத்துட்டு வந்து நிக்கும்போது வேண்டாம்னு சொல்ல முடியல பியூலா. அது ஒண்ணுதான நீ இன்னும் செய்யுத."

ஏப்ரல் 10, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

வாசுகியை இங்கேயே வந்து ஊசி போடச் சொல்லிவிட்டேன். திருட்டுத்தனமாகப் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டாம். வந்தாள், போட்டாள், போனாள். குறை சொல்ல ஒன்றும் பிடிபடவில்லை, எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லையே. அவள் மாமியாருக்குப் பென்ஷனே கிடையாதாம். இவர் பொய்யிலும் கிளார்க்.

இசக்கியப்பனுக்கு மிச்சப் பணம் முழுவதும் கொடுத்தனுப்பினேன். கூடவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப இவர் சொன்னார். பணம் போதும், வார்த்தை எதற்கு என்றேன். அப்புறம் இவர் கிளம்பி நடைவரை போனதும் கூப்பிட்டு, கண்ணாடி நல்ல கண்ணாடிதான் என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஏப்ரல் 16, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. கூட்டம் சந்தைக் கூட்டம். சொட்டு மருந்து விடுகிறவள் பாதியைக் கன்னத்தில் விட்டாள். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றிவிட்டது, வெளிச்சம் கூடக்கூட இன்னும் மங்கலாகத்தான் தெரியும் என்றாள். இதை எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள், நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

வீட்டு வேலை என்றேன்.

இவர் பக்கத்தில் இருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினேன்.

ஏப்ரல் 18, சனி

கோடை மழை. நடு அறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

நாளை வலது கண்ணில் ஆபரேஷன். இரண்டு நாள் கழித்துக் கட்டு அவிழ்த்ததும் எழுதுகிறேன், யாருக்காக என்று தெரியவில்லை.

மே 1, வெள்ளி

இந்த டைரியில் கோடு இருக்கிறது. நீலக் கோடு, பக்கம் முழுக்க. அதை மதிக்காமல் நான் எழுதி வைத்திருப்பதைப் பார்த்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு தேவலை. வரி மேலே ஏறி, கீழே இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடக்கிறது.

வீட்டைப் பார்த்தேன். ஒட்டடை. தம்ளர்களில் கறை. இந்தத் தம்ளரில்தான் வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்திருக்கிறேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சபைப் பாதிரி ஐயர் கூடக் குடித்தார். ஊர் முழுக்கக் கோழைகள்.

கண்ணாடி வழியாக வானம் தெரிகிறது. காக்கை உட்கார்ந்தால் அதன் நகம் தெரிகிறது.

மே 6, புதன்

வாசுகிக்குக் காலை டியூட்டி. நானே போடட்டுமா என்று இவரிடம் கேட்டேன். சரி என்றார்.

பாட்டிலை உருட்டினேன். இந்தத் தடவை நிஜமாகவே கலங்கியது, அடியிலிருந்து வெள்ளை எழும்புவதைப் பார்த்தேன். குழாயில் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. கம்பெனிக்காரன் மேல் தப்பில்லை. அளவாக ஏற்றி, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே போனேன். இவர் வழக்கம்போல வந்து நின்று சட்டையைத் தூக்கினார்.

வயிற்றைப் பார்த்தேன்.

வலப்பக்கம் வாசுகி போட்டது. இடம் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாள், தேடினால்தான் தெரிகிறது. இடப்பக்கம் என்னுடையது. தொப்புளை ஒட்டிக் குத்தியிருக்கிறது, விலா எலும்பின் மேல் குத்தியிருக்கிறது, குத்தின இடத்திலேயே திரும்பக் குத்தியிருக்கிறது. தோல் கறுத்துத் தடித்துப் போயிருக்கிறது. சீழ் வைத்து ஆறின வடுக்கள் இருக்கின்றன. ஒரு இடத்தில் ஊசி பக்கவாட்டில் கீறிக்கொண்டே போயிருக்கிறது. அன்றைக்கு நிச்சயம் ரத்தம் வந்திருக்கும். சட்டையில் பட்டிருக்கும். யார் துவைத்தார்கள்?

என் வார்டில் ஒரு பயிற்சி மாணவி ஒரு நோயாளியை இப்படிக் குத்தி வைத்திருந்தால், கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிக்கொண்டு அவளை அந்த நிமிஷமே வெளியே அனுப்பியிருப்பேன். பெற்றவர்களை வரவழைத்து, இவள் மாடு மேய்க்கிற வேலைக்குக் கூட லாயக்கில்லை என்று சொல்லியிருப்பேன்.

இவர் ஒரு நாள் முகம் சுளித்திருந்தால் கூட எனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். காது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

வாசுகி டியூட்டி முடிந்து வரட்டும் என்றேன். இவர் சட்டையை இறக்கவில்லை.

"சாப்பிட நேரமாச்சு பியூலா. நீயே போடு."

சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி மேலே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வலப்பக்கமாக, புண்ணில்லாத இடம் பார்த்துப் போட்டேன். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, வலித்ததா என்று கேட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரிடம் இதைக் கேட்டதில்லை.

வலிக்கவில்லை என்றார். இந்த மனுஷன் சொல்வதை எப்படி நம்புவது.